"பட்டன் வேலை செய்யுதில்ல": டிகின்டர் திரைக் கோளாறுகளை அறிகுறி பார்த்துப் பிடிக்கும் வழி

கல்முனையில் ஒரு ஹார்ட்வெயார் கடை, களுவாஞ்சிகுடியில் ஒரு பார்மசி, சம்மாந்துறைப் பக்கம் ஓர் அரிசி மில். மூன்று இடத்திலும் ஓடுவது நான் பைத்தானில், விண்டோவும் பட்டனும் கட்ட அதோடு வரும் டிகின்டரை வைத்து எழுதிய பில் புரோகிராம். மூன்று இடத்திலிருந்து வரும் போனும் ஒரே மாதிரித்தான்: "தம்பி, பட்டன் வேலை செய்யுதில்ல."

அந்த ஒரு வசனத்துக்குள் ஏழெட்டு நோய் ஒளிந்திருக்கும். ஆரம்பத்தில் போன் வந்ததும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடுவேன். போய் நின்றால் எல்லாம் ஒழுங்காக வேலை செய்யும். ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வீட்டு வாசலுக்கு வர, திரும்பப் போன் அடிக்கும். ஒவ்வொரு புரோகிராமிலும் அங்கங்கே பிரிண்ட் கட்டளை தூவி, பிறகு அதை அழிக்க மறந்து, அதுவே புதுப் பிழையாக வந்த நாளும் உண்டு. கடைசியில், திரும்பத் திரும்பத் தேவைப்பட்டதையெல்லாம் துணை ஃபங்ஷன்களாக்கி 'துப்பு' என்று ஒரு கோப்பில் போட்டேன். இப்போது புதிதாக எது எழுதினாலும் முதல் நாளே அந்தக் கோப்பு உள்ளே போய்விடும்.

கட்டளைப் பெயர்களை இங்கே ஒலிப்படி எழுதியிருக்கிறேன். டைப் பண்ணும்போது வழமையான ஆங்கில எழுத்தில் போடுங்கள். என் ஃபங்ஷன்களின் பெயர் மட்டும் நிசமாகவே தமிழ். பைத்தான் 3 அதை ஏற்கும். பிழைப் பட்டியலில் எது என் துணை, எது புரோகிராமின் சொந்தக் கோடு என்று பார்த்தவுடன் தெரிவது அதில் வரும் இலாபம்.

எதற்கும் முன்: 'குறி', 'வாய்திற'

இந்த இரண்டும் இல்லாமல் கீழே உள்ள எதையும் தொடங்க வேண்டாம்.

'குறி' ஒரு வரியை வாங்கி, நேரத்தோடு சேர்த்து ஒரு கோப்பின் கடைசியில் எழுதும். வேறு வேலை அதற்கு இல்லை. ஆனால் இரண்டு விசயம் முக்கியம். ஒவ்வொரு வரிக்கும் கோப்பைத் திறந்து, எழுதி, மூடிவிட வேண்டும். கரண்ட் போகிற நேரத்தில்தான் நமக்குத் தேவையான கடைசி வரி இருக்கும். மற்றது, திறக்கும்போது என்கோடிங் யூடிஎஃப்-8 என்று கட்டாயம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் விண்டோஸில் அந்த மெஷினின் பழைய என்கோடிங்கை எடுத்துக்கொள்ளும். ஒரு தமிழ்ப் பெயர் வந்ததும் யூனிகோட் என்கோட் எரர் என்று விழும். என் முதலாவது 'குறி' அப்படித்தான் விழுந்தது. கள்ளனைப் பிடிக்க வைத்த நாயைக் கள்ளன் பிடித்த கதை.

'வாய்திற' ரூட் விண்டோவின் (புரோகிராமின் முதன்மை விண்டோ) ரிப்போர்ட் கோல்பேக் எக்செப்ஷன் என்பதை நம் ஃபங்ஷனால் மாற்றி வைக்கும். பட்டன் அழைத்த ஃபங்ஷன் பிழையில் விழுந்தால் டிகின்டர் புரோகிராமை நிறுத்தாது. பிழை விவரத்தைக் கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையில் எழுதிவிட்டுத் தன் பாட்டில் ஓடும். கடையில் கறுப்புத் திரை ஏது? கறுப்புத் திரை இல்லாமல் ஓட்டும் பைத்தான்டபிள்யூவில் ஓட்டினாலும், புரோகிராமைத் தனிக் கோப்பாக்கும் பைஇன்ஸ்டாலரில் விண்டோ முறையில் கட்டிக் கொடுத்தாலும் அந்த எழுத்துக்குப் போக இடமே இல்லை. ஆகவே முழு டிரேஸ்பேக்கையும் (பிழை எந்த வரி வழியாக வந்தது என்ற பட்டியல்) 'குறி'யிடம் கொடுத்து, திரையில் "பிழை ஒன்று பதிவானது, நேரத்தைக் குறித்து வையுங்கள்" என்று ஒரு சின்னப் பெட்டி காட்டுங்கள். கடைக்காரர் போனில் "பத்தே காலுக்கு வந்தது தம்பி" என்று சொன்னால் பாதி வேலை முடிந்தது.

அறிகுறி: தட்டினால் ஒன்றுமே நடக்கவில்லை

குறிக் கோப்பைத் திறந்து பாருங்கள்.

*கோப்பில் பிழை விழுந்திருக்கிறது*

அப்படியென்றால் பட்டன் வேலை செய்திருக்கிறது, நம் ஃபங்ஷன்தான் செத்திருக்கிறது. அதிகம் காண்பது ஆர்க்யுமெண்ட் (ஃபங்ஷனுக்குள் கொடுக்கும் மதிப்பு) எண்ணிக்கைப் பிழை. ஒரு விசையையோ தட்டலையோ ஃபங்ஷனோடு கட்டும் பைண்ட் வழியாக அழைத்தால், நிகழ்வின் விவரம் அடங்கிய ஈவெண்ட் என்ற பொருள் ஒன்று கூட வரும். பட்டனின் கமாண்ட் வழியாக அழைத்தால் எதுவும் வராது. ஒரே ஃபங்ஷனை இரண்டுக்கும் கொடுத்தால் ஒன்றில் ஓடும், மற்றதில் விழும். மவுஸால் தட்டினால் சேமிக்கிறது, என்டர் அடித்தால் சேமிக்கவில்லை என்று சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு இதைப் பாருங்கள். ஈவெண்ட்டுக்கு நன் (பைத்தானில் 'ஒன்றுமில்லை') என்று முன்னிருப்பு மதிப்புக் கொடுத்தால் தீர்ந்தது.

*கோப்பில் எதுவுமே இல்லை*

முதலில் ஒரு கேள்வி: புரோகிராமைத் திறக்கும்போது அந்த வேலை தானாக ஒரு தரம் நடக்கிறதா? பார்மசியில் காலையில் திறந்ததும் வெற்றுப் பில் ஒன்று அச்சாகி வந்தது. பிறகு நாள் முழுக்க அச்சுப் பட்டன் ஊமை. கமாண்டுக்கு ஃபங்ஷனின் பெயரைக் கொடுக்காமல், பின்னால் அடைப்புக்குறி போட்டு அழைத்தே விட்டிருந்தேன். பட்டனுக்குக் கிடைத்தது அது திருப்பிக் கொடுத்த வெறும் நன். இத்தனை நேரம் கழித்து அழை என்று சொல்லும் ஆஃப்டருக்குக் கொடுக்கும்போதும் இதே சறுக்கல் வரும்.

அது இல்லையென்றால் பட்டனின் நிலை டிசேபிள்ட் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். டீடிகே (டிகின்டரோடு வரும் தீம் வகை) பட்டன் சில தீம்களில் முடக்கப்பட்டாலும் நிறம் அவ்வளவாக மங்காது, பார்வை ஏமாற்றும்.

இரண்டும் இல்லையென்றால் 'யார்மேலே'. இது ஒவ்வொரு 2 செக்கனும் ஆஃப்டரால் தன்னைத்தானே அழைத்துக்கொண்டு மூன்று விசயத்தைக் குறிக்கும்: மவுஸ் நிற்கும் இடத்தில் மேலே இருப்பது எந்த விட்ஜெட், அதாவது பட்டன், பெட்டி போன்ற எந்தத் திரை உறுப்பு (வின்ஃபோ கன்டெய்னிங் சொல்லும்), விசைப்பலகை இப்போது யாரிடம் (ஃபோகஸ் கெட்), யாராவது எல்லாத் தட்டலையும் பிடித்து வைத்திருக்கிறார்களா (கிராப் கரண்ட்). மேலே இருப்பது பட்டன் இல்லை, ஏதோ ஃபிரேம் என்று வந்தால், பிளேஸ் கொண்டு வைத்த ஒரு வெற்று ஃபிரேம் பட்டனை மூடிக்கொண்டு கிடக்கிறது. கிராப் கரண்ட் ஒரு பெயரைச் சொன்னால், சிறு விண்டோ ஒன்று திறந்து, பெரிய விண்டோவின் பின்னால் போய் ஒளிந்திருக்கிறது. கடையில் இதைத்தான் "கம்பியூட்டர் இறுகிப்போச்சு" என்பார்கள். சிறு விண்டோ திறக்கும்போது டிரான்சியன்ட் கொடுத்துப் பெரியதோடு கட்டிவிட்டால் பின்னால் போகாது.

விசை அடித்தால்தான் நடக்கவில்லை, மவுஸுக்கு நடக்கிறது என்றால் ஃபோகஸ் வரியைப் பாருங்கள். விசை எப்போதும் ஃபோகஸ் உள்ளவரிடம்தான் போகும். லினக்ஸ் மெஷின் என்றால் இன்னொன்று: எண் விசைப் பக்கத்து என்டருக்கு வேறு பெயர், ரிட்டர்ன் என்று மட்டும் பைண்ட் செய்தால் அது அகப்படாது. காசாளர்கள் அடிப்பது அந்த என்டரைத்தான்.

*இன்னும் பிடிபடவில்லை: 'காவல்'*

இது என் கோப்பில் மிகப் பெறுமதியான ஃபங்ஷன், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

எல்லா நிகழ்வையும் பார்க்கப் பலரும் பைண்ட் ஆல் போடுவார்கள். அது வரிசையில் கடைசி ஆள். ஒரு நிகழ்வு முதலில் அந்த விட்ஜெட்டிடம், பிறகு அதன் வகுப்பிடம், பிறகு விண்டோவிடம், கடைசியில்தான் 'ஆல்' என்பதிடம் போகும். இடையில் யாராவது பிரேக் என்று திருப்பிக் கொடுத்தால் அங்கேயே நின்றுவிடும். நாம் தேடுகிற நோயாளி அநேகமாக அந்த இடையில்தான் விழுந்து கிடப்பான்.

அதனால் 'காவல்' ரூட்டில் தொடங்கி வின்ஃபோ சில்ரன் வழியாக எல்லா விட்ஜெட்டுக்குள்ளும் இறங்கி, ஒவ்வொன்றின் பைண்ட்டேக்ஸ் என்ற அந்த வரிசையிலும் தன் பெயரை முதல் ஆளாகச் செருகிவிடும். பிறகு அந்தப் பெயருக்குப் பைண்ட் கிளாஸ் போட்டு, மவுஸ் அழுத்தம், விடுதல், விசை, சக்கரம், ஃபோகஸ் வருதல் போதல், கொம்போபொக்ஸ் செலக்டட் (தெரிவுப் பெட்டியில் தெரிவு மாறுதல்) ஆகியவற்றைக் குறிக்கச் சொன்னால் போதும். குறிக்கும் வரியில் நான் வைப்பது: நிகழ்வின் வகை, விசை என்றால் அதன் பெயர், விட்ஜெட்டின் முழுப்பெயர், ஈவெண்ட்டின் டைம், அதற்கு முந்திய நிகழ்விலிருந்து எத்தனை மில்லிசெக்கன். அந்தக் கடைசி எண்ணை மறக்க வேண்டாம், கீழே அதற்குப் பெரிய வேலை இருக்கிறது.

மோஷன் (மவுஸ் அசைவு), கொன்ஃபிகர் (விட்ஜெட்டின் அளவு மாற்றம்) இரண்டையும் சேர்க்காதீர்கள். மவுஸை ஒருக்கா அசைத்தால் நூறு வரி வரும். பிறகு திறக்கிற சிறு விண்டோக்களுக்கு 'காவல்' தானாகப் போகாது. திறந்தபின் அந்த விண்டோவுக்கு ஒரு தரம் அழைக்க வேண்டும்.

காவல் வரி இருக்கிறது, உங்கள் ஃபங்ஷன் ஓடவில்லை என்றால், பைண்ட்டை யாரோ மேலெழுதியிருக்கிறார்கள். ஒரே நிகழ்வுக்கு இரண்டாம் தரம் பைண்ட் போட்டால் முதலாவது சத்தமில்லாமல் போய்விடும். ஆட் என்பதற்குப் பிளஸ் கொடுத்தால்தான் இரண்டும் நிற்கும். காவல் வரியே இல்லையென்றால் தட்டல் புரோகிராமுக்கே வரவில்லை. மவுஸை மாற்றிப் பாருங்கள். டச் ஸ்கிரீன் என்றால் நீங்கள் கோடைத் தோண்டுவதை நிறுத்தி, அதை விற்றவரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

அறிகுறி: ஒருக்கா தட்டினால் இரண்டு தரம் நடக்கிறது

"ஒருக்கா தட்டினா ரெண்டு பில் வருகுது தம்பி, நான் என்ன ரெண்டு மடங்கு வரியா கட்டுற?" என்று கேட்டார் ஹார்ட்வெயார் கடைக்காரக் காக்கா (காக்கா என்றால் எங்கள் பக்கம் அண்ணன்). ஞாயமான கேள்வி.

*அழுத்த நிகழ்வே இரண்டு வந்திருக்கிறது*

காவல் வரியில் இரண்டு அழுத்தத்துக்கும் இடைவெளியைப் பாருங்கள். 20, 30 மில்லிசெக்கன் என்று வந்தால் அது மனிசன் தட்டியது இல்லை. மவுஸின் உள் சுவிட்ச் தேய்ந்துவிட்டது. கடற்கரைப் பக்கக் கடைகளில் உப்புக் காற்றுக்கு இது சீக்கிரமே வருகிறது என்பது என் அனுபவம். புது மவுஸ் வாங்கினால் முடிந்தது. கோடில் கை வைக்காதீர்கள். இடைவெளி 150, 200 என்று வந்தால் அது ஆளின் பழக்கம்: எல்லாவற்றையும் இரட்டைத் தட்டுத் தட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். டபுள் கிளிக் வரும்போது அதற்கு முன் சிங்கிள் கிளிக்கும் ஓடியே தீரும் என்பதையும் நினைவில் வையுங்கள். சேமிக்கும் பட்டனை வேலை தொடங்கியதும் முடக்கி, முடிந்ததும் திறந்துவிடுங்கள்.

*அழுத்தம் ஒன்று, ஃபங்ஷன் ஓடியது பல தரம்*

இதைப் பார்க்க 'மணி' வேண்டும். ஒரு ஃபங்ஷனைச் சுற்றி உறைபோல் போட்டுக்கொள்ளும் டெக்கரேட்டர் அது. உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் எடுத்த நேரத்தையும் குறிக்கும். எந்த எண்ணிக்கையில் ஆர்க்யுமெண்ட் வந்தாலும் அப்படியே உள்ளே கடத்துமாறு எழுதுங்கள், கமாண்டுக்கும் பைண்டுக்கும் ஒன்றே போதும்.

காலையில் இரண்டு தரம், பின்னேரம் பத்துத் தரம் என்று கூடிக்கொண்டே போனால், திரையைப் புதுப்பிக்கும் ஃபங்ஷனுக்குள் பிளஸ் கொடுத்து பைண்ட் போட்டிருக்கிறீர்கள். ஒவ்வொரு புதுப்பித்தலுக்கும் ஒன்று கூடும். அந்தப் பைண்ட்டை விண்டோ கட்டும் இடத்துக்குத் தள்ளுங்கள். எப்போதும் சரியாக இரண்டு என்றால், பட்டனுக்குக் கமாண்டும் கொடுத்து, மவுஸ் விடுதலுக்கு பைண்ட்டும் போட்டிருப்பீர்கள்.

*பார்கோட் வாசித்ததும் பில்லே முடிந்துவிடுகிறது*

இது காக்காவின் கடையில் ஒரு பெயின்ட் வாளியோடு வந்தது. வாளியை ஸ்கேனரில் காட்டினால் சாமான் பட்டியலில் ஏறுகிறது. அதே மூச்சில் பில் சேமிக்கப்பட்டு அச்சாகிறது. ஐந்து வாளிக்கு ஐந்து பில்.

காவல் கோப்பை அவருக்கு முன்னாலேயே திறந்து பார்த்தேன். 4, 7, 9 என்று தொடங்கி 13 எண்கள், ஒவ்வொன்றுக்கும் இடையே ஒரு சில மில்லிசெக்கன் (479 இலங்கைக்குரிய பார்கோட் முன்னெண்). மனிசக் கை அந்த வேகத்தில் அடிக்காது. யூஎஸ்பி ஸ்கேனர் தன்னை ஒரு விசைப்பலகை என்று சொல்லிக்கொண்டுதான் வரும். 13 எண்ணுக்குப் பிறகு பதினான்காவது வரியில் ரிட்டர்ன். அதை எந்த ஃபங்ஷன் எடுத்தது என்று 'மணி' சொன்னது: முதலில் 'சாமான் சேர்', அடுத்த வரியில் 'பில் முடி'. எழுதும் பெட்டியில் ரிட்டர்னுக்கு 'சாமான் சேர்' பைண்ட் செய்திருந்தேன். காசாளருக்கு வசதி என்று ரூட் விண்டோவில் ரிட்டர்னுக்கு 'பில் முடி' போட்டிருந்தேன். ரூட்டுக்குப் போட்டது அதற்குள் இருக்கும் எல்லா விட்ஜெட்டுக்கும் செல்லும். நான் போட்ட வசதிதான் ஐந்து பில்.

'சாமான் சேர்' கடைசியில் பிரேக் என்ற சொல்லைத் திருப்பிக் கொடுத்ததும் நின்றது. பிறகு 'பில் முடி'யை எஃப்9க்கு மாற்றிவிட்டேன். என்டரை ரூட்டில் பைண்ட் செய்யும் பழக்கத்தையே அன்றோடு விட்டேன். ரூட்டில் போட்ட கொன்ஃபிகரும் இதே காரணத்தால்தான் விண்டோ அளவு மாறும்போது நாற்பது தரம் ஓடும். ஈவெண்ட்டின் விட்ஜெட் ரூட்தானா என்று முதல் வரியில் கேட்டு, இல்லையென்றால் திரும்பிவிடுங்கள்.

அறிகுறி: எந்தப் பட்டனைத் தட்டினாலும் கடைசிச் சாமானே வருகிறது

லூப்பில் பட்டன்களைக் கட்டி, லாம்டாவுக்குள் (பெயரில்லாச் சிறு ஃபங்ஷன்) லூப் மாறியைப் போட்டிருக்கிறீர்கள். லாம்டா தட்டும்போதுதான் மாறியைப் பார்க்கும். அப்போது அதில் கடைசிப் பெறுமதிதான் இருக்கும். லாம்டாவின் ஆர்க்யுமெண்டாகவே அந்த மாறியை முன்னிருப்பு மதிப்பாகக் கொடுத்துக் கட்டிவிடுங்கள். இதற்கு வேறு காரணம் நான் கண்டதில்லை.

அறிகுறி: திரை இறுகி வெள்ளையாகிறது

5 செக்கன் வரை ஒரு விண்டோ தன் செய்திகளை எடுக்காவிட்டால் விண்டோஸ் அதை 'பதிலளிக்கவில்லை' என்று எழுதி வெளிறச் செய்யும். ஆக, எங்கேயோ ஒரு ஃபங்ஷன் உள்ளே போய் வெளியே வராமல் நிற்கிறது. எங்கே என்பதுதான் கேள்வி. இறுகிய புரோகிராம் தானாக வாய் திறக்காது, 'வாய்திற'வும் இங்கே உதவாது, ஏனென்றால் பிழையே இன்னும் விழவில்லை.

இதற்கு 'நாடி'. பைத்தானோடு வரும் ஃபோல்ட்ஹேண்ட்லர் என்ற மொடியூலில் டம்ப் டிரேஸ்பேக் லேட்டர் என்று ஒன்று உண்டு: இத்தனை செக்கனுக்குப் பிறகு, புரோகிராம் அந்த நொடியில் எந்த வரியில் நிற்கிறதோ அதைக் கோப்பில் எழுது என்று சொல்லி வைக்கலாம். நேரம் முடியுமுன் திரும்ப அழைத்தால் கடிகாரம் முதலிலிருந்து தொடங்கும். ஆகவே ஆஃப்டரைக் கொண்டு ஒவ்வொரு செக்கனும் "4 செக்கனில் எழுது" என்று புதுப்பித்துக்கொண்டே இருங்கள். திரை உயிரோடு இருக்கும்வரை எதுவும் எழுதப்படாது. இறுகினால் புதுப்பிக்க ஆள் இல்லை. நாலாவது செக்கனில் குற்றவாளி வரி கோப்பில் விழும். கோப்பைத் திறந்தபடி வைத்திருந்து அதைக் கட்டாயம் கொடுங்கள், கறுப்புத் திரை இல்லாத மெஷினில் கொடுக்காவிட்டால் அதுவே பிழையில் விழும்.

*நின்ற வரி: சிலீப்*

ஸ்கிரீனில் ஒரு செய்தியை 3 செக்கன் காட்டவென்று யாரோ (நான்தான்) போட்டிருப்பார்கள். ஆஃப்டராக மாற்றுங்கள்.

*நின்ற வரி: டேட்டாபேஸ்*

சரியாக 5 செக்கன் இறுகி, பிறகு 'டேட்டாபேஸ் லொக்ட்' என்று பிழை விழுந்தால் அது எஸ்கியூலைட் (ஒரே கோப்பில் இருக்கும் சின்ன டேட்டாபேஸ்). பைத்தானில் அதன் காத்திருப்பு நேரம் முன்னிருப்பாக 5 செக்கன். வேறு ஏதோ இணைப்புக் கமிட் பண்ணாமல், அதாவது எழுதியதை முடித்து வைக்காமல், கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஒரே மெஷினுக்குள் என்றால் தேடிப் பிடிக்கலாம். இரண்டு மெஷின் நெட்வேர்க் ஃபோல்டரில் ஒரே எஸ்கியூலைட் கோப்பைப் பகிர்ந்தால் அதோடு மல்லுக்கட்டாதீர்கள். சேர்வர் வகை டேட்டாபேஸ் தெரிந்த ஒருவரைப் பிடித்து மாற்றச் சொல்லுங்கள். அதற்குச் செலவழிக்கும் காசு, கணக்குக் கோப்பு பழுதாகிப் போகும் செலவைவிடக் குறைவு.

*நின்ற வரி: தராசு*

மாரிப்போக அறுவடை நேரம், மாசி மாதம். மில்லின் முற்றத்தில் நெல் மூடையோடு லேண்ட் மாஸ்டர்கள் வரிசையாக நிற்கின்றன. பில் திரை வெள்ளை. 'நாடி' நாலே செக்கனில் சொன்னது: சீரியல் போர்ட்டை வாசிக்கும் வரி. பைசீரியலில் டைம்அவுட் கொடுக்காவிட்டால் தரவு வரும்வரை காத்திருக்கும், வராவிட்டால் வாழ்நாள் முழுக்கக் காத்திருக்கும். மூடை தூக்கிய ஆளின் கால் பட்டு வயர் கழன்றிருந்தது.

பார்க்க வேண்டிய ஒழுங்கு இது. வயர் இறுக்கமா? யூஎஸ்பி மாற்றியை வேறு துளையில் குத்தியிருக்கிறார்களா? குத்தினால் கொம் போர்ட் எண் மாறலாம். டிவைஸ் மனேஜரில் தெரியும். டைம்அவுட் 1 செக்கன் கொடுத்தீர்களா? கொடுத்தபின் வரும் வெற்றுத் தரவை "தராசிலிருந்து எண் வரவில்லை" என்று திரையில் காட்டினீர்களா? அதற்குப் பிறகும் ஒவ்வொரு நிறுவைக்கும் திரை ஒரு கணம் விக்கினால், வாசிப்பைத் தனித் திரெட்டுக்கு (பக்கத்தில் தனியாக ஓடும் வேலை) தள்ளுங்கள். அந்தத் திரெட் எந்த விட்ஜெட்டையும் தொடக்கூடாது. எண்ணைக் கியூ என்ற வரிசையில் போட்டுவிட்டுப் போகட்டும். 100 மில்லிசெக்கனுக்கு ஒருக்கா ஆஃப்டர் வந்து கியூவைப் பார்த்து லேபிளில் எழுதட்டும். திரெட்டிலிருந்தே லேபிளைத் தொட்டால் பத்து நாள் ஓடும், பதினோராவது நாள் காரணமே சொல்லாமல் மூடும். அந்த வகைப் பிழைக்கு 'துப்பு'விடம் மருந்து இல்லை.

வயர் சரி, போர்ட் சரி, சும்மா ஒரு டேர்மினல் புரோகிராமில் பார்த்தாலும் எண் வரவில்லை என்றால் அது தராசு பழுது. தராசைத் திறக்காதீர்கள். அதில் நிறுவை முத்திரை இருக்கிறது. உடைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் மில்காரர். தராசு திருத்துகிறவரைக் கூப்பிடச் சொல்லிவிட்டு, அதுவரை நிறையைக் கையால் எழுதும் பெட்டியைத் திறந்துவிடுங்கள். மூடை வெயிலில் காத்திருக்கும், கமக்காரர் காத்திருக்க மாட்டார்.

அறிகுறி: தட்டாமலே மாறுகிறது

மில்லிலேயே இன்னொன்று. "நாடு எண்டு போட்டன், பில்லில சம்பா எண்டு கிடக்கு" என்று காசாளர் பிள்ளை சத்தியம் பண்ணினாள். முதலாளி நம்பவில்லை. நானும் முதல் நாள் நம்பவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

காவல் கோப்பில் நெல் வகைக் கொம்போபொக்ஸின் பெயருக்கு நேரே மவுஸ் சக்கர நிகழ்வு இருந்தது, அடுத்து கொம்போபொக்ஸ் செலக்டட். பிள்ளை கீழே உள்ள பட்டியலை உருட்டச் சக்கரத்தைச் சுழற்றியிருக்கிறாள். மவுஸ் நின்றதோ நெல் வகைப் பெட்டியின் மேல். டீடிகே கொம்போபொக்ஸ் சக்கரத்துக்கு அடுத்த தெரிவுக்குத் தாவிவிடும். அந்தப் பெட்டியில் மவுஸ்வீலுக்கு பிரேக் மட்டும் திருப்பிக் கொடுக்கும் ஒரு ஃபங்ஷனை பைண்ட் செய்தேன். அந்த இரண்டு வரியையும் முதலாளிக்குக் காட்டி, அவரைப் பிள்ளையிடம் "சரி மகள்" என்று சொல்ல வைத்ததுதான் அன்றைய பெரிய வேலை.

சக்கரம் இல்லையென்றால், மாறியில் போட்ட டிரேஸ் (அது மாறினால் அழைக்கப்படும் ஃபங்ஷன்) தன் மாறியையே மாற்றுகிறதா என்று 'மணி'யால் பாருங்கள். விலையை மாற்றினால் தொகை மாறி, தொகை மாறினால் விலை மாறி என்று ஊஞ்சல் ஆடும். இப்போது யார் மாற்றுகிறார் என்று ஒரு கொடி வைத்தால் போதும்.

அறிகுறி: தமிழ்ப் பெயர் தேடினால் வராது, அல்லது பாதியில் வெட்டுப்படும்

கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. இதற்கு 'எழுத்துக்காட்டு': ஒரு சொல்லைக் கொடுத்தால் யூனிகோட்டேட்டா மொடியூலைக் கேட்டு, உள்ளே இருக்கும் ஒவ்வொரு குறியின் எண்ணையும் பெயரையும் வரிவரியாக எழுதும்.

களுவாஞ்சிகுடிப் பார்மசியில் 'கொக்கட்டிச்சோலை' என்று முகவரி தேடினால் வாடிக்கையாளர் வரவில்லை. சேமித்த சொல்லில் 15 குறி, தேடிய சொல்லில் 17. 'கொ'வின் கொம்பும் காலும் ஒன்றில் ஒரே குறி, மற்றதில் இரண்டு தனிக் குறி, 'சோ'விலும் அப்படியே. எந்த விசைப்பலகையில், எந்த மென்பொருளில் டைப் பண்ணினார்கள் என்பதைப் பொறுத்து இப்படி வரும். சேமிக்கும்போதும் தேடும்போதும் நோர்மலைஸ் ஃபங்ஷனில் என்எஃப்சி (தனிக் குறிகளைச் சேர்த்து ஒன்றாக்கும் வடிவம்) கொடுத்து ஒரே வடிவாக்குங்கள். அதுவும் உதவாவிட்டால் பட்டியலில் 'ஔ'வுக்குப் பதில் 'ஒ'வும் 'ள'வும் அடித்திருக்கிறார்களா, போனிலிருந்து ஒட்டியதில் கண்ணுக்குத் தெரியாத அகலமில்லாக் குறி ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறதா என்று பாருங்கள். சொல் முழுக்க ஆங்கில எழுத்தாக வந்தால் அது யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் அடித்த பழைய தரவு. ஒருதரம் முழுதாக யூனிகோட்டுக்கு மாற்றிவிட வேண்டியதுதான்.

வெட்டுப்படுவது வேறு கதை. ஊர்ப் பெயருக்கு 10 எழுத்துப் போதும் என்று எல்லை வைத்திருந்தேன். பில்லில் 'மட்டக்களப்' என்று அச்சானது. 'மட்டக்களப்பு' நாம் எண்ணினால் எட்டு எழுத்து. பைத்தான் புள்ளிகளையும் 'பு'வின் உகரக் குறியையும் தனித்தனியே எண்ணி 12 என்கிறது. எல்லையைக் கூட்டினேன். எல்லை பார்க்கும் ஃபங்ஷன் முதல் எழுத்தோடு வேலையை நிறுத்திவிட்டால், ஏதோ ஒரு கிளையில் ட்ரூ அல்லது ஃபோல்ஸ் திருப்பிக் கொடுக்க மறந்திருக்கிறீர்கள். என்ட்ரி பெட்டி அப்படியான பதில் கிடைத்ததும் சோதனையையே அணைத்துவிடும், உங்களிடம் சொல்லாது.

கடையில் விட்டுவரும்போது

'குறி', 'வாய்திற', 'நாடி' மூன்றும் எப்போதும் ஓடட்டும், பாரம் இல்லை. 'காவல்' வேறு. அது அடித்த ஒவ்வொரு விசையையும் எழுதுகிறது. பார்மசியில் நோயாளியின் பெயரும் மருந்தும், முதலாளியின் கடவுச்சொல்லும் அதற்குள் இருக்கும். எழுத்தை மறைத்துக் காட்டும் பெட்டிகளில் விசையின் பெயரைக் குறிக்காமல் 'ஒரு விசை' என்று மட்டும் குறிக்க எழுதுங்கள். கோளாறு பிடிக்கும் நாளில் மட்டும் அமைப்புக் கோப்பில் ஒரு சொல்லை மாற்றித் திறக்க வேண்டும். நான் கடைக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் திறப்பேன், பிடிபட்டதும் அவர் கண் முன்னாலேயே அந்தக் கோப்பை அழிப்பேன். காக்கா அதையும் ஒருக்கா சரிபார்த்தார்: "குப்பைக் கூடையிலயும் அழிச்சிட்டியா தம்பி?"